வெள்ளிக்கிழமை மேற்கே

இரண்டு பேர் என்று மறுபடியும் காட்டுகிறது. நான் ஒன்று என்று மாற்றி, தேதியைச் சரிபார்த்து, அறைக்கு ஜன்னல் உண்டா என்று பார்த்துவிட்டு வருவதற்குள் அது தன் இஷ்டத்துக்கு இரண்டுக்குப் போய்விடுகிறது. ஓட்டல் அறை பதிவு செய்கிற இந்தப் பக்கத்தை எழுதியவனுக்கு, உலகத்தில் எல்லோரும் ஜோடி ஜோடியாகத்தான் ஊர் சுற்றுவார்கள் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சரி, ஒன்று. ஒரே ஒருத்தி. காந்திமதி, வயது நாற்பத்து நான்கு, பிரான்சின் தெற்கே துலூஸ் நகரத்தில் விமான இருக்கைகளின் பெல்ட்டை இழுத்து இழுத்துச் சோதிக்கிற வேலை. நாளை வெள்ளிக்கிழமை முற்பகல் பஸ், மேற்கே போய் எல்லையைத் தாண்டி ஸ்பெயினுக்குள், பாஸ்க் மக்களின் பில்பாவோ. ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரவேண்டும். எடுக்காத விடுப்பு இந்த மாதத்தோடு செல்லாது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். பில்பாவோவைச் சொன்னவள் டெல்ஃபின், எனக்கு எதிர்மேஜை. திங்கட்கிழமை காலையில் காபி மெஷின் முன்னால் எல்லோரும் தங்கள் வாரக்கடைசியைக் கடை பரப்பும்போது, என்னையும் விட்டுவிடாமல் கேட்கிற நல்ல மனுஷி. ஓய்வெடுத்தேன் என்று நான் சொல்லிச் சொல்லி, இந்த ஊரிலேயே அதிகம் ஓய்வெடுத்தவள் நானாகத்தான் இருப்பேன். அங்கே மதுக்கடைக் கவுன்ட்டர் முழுக்கத் தட்டுத் தட்டாகத் தின்பண்டம் வைத்திருப்பார்கள் என்றாள். துண்டு ரொட்டி மேல் மீனோ முட்டையோ காளானோ வைத்துப் பல்குச்சியால் குத்தியிருக்கும், பின்ச்சோ என்று பெயர், ஒரு கடையில் நின்றுகொண்டே ஒன்று, அடுத்த கடையில் நின்றுகொண்டே இன்னொன்று. அவள் சொன்னதில் என் காதில் விழுந்தது ஒன்றுதான்: நின்றுகொண்டே. நாற்காலி இல்லை என்றால் எதிர்நாற்காலியும் இல்லை. வாசலில் விரலைத் தூக்கி ஒருவர்தானா என்று கேட்கிறவன் இல்லை. கேட்டுவிட்டு, எதிரில் வைத்த தட்டையும் கத்தியையும் கண்ணாடி டம்ளரையும் வாரி எடுத்துக்கொண்டு போகிறவனும் இல்லை. அந்த வாரி எடுக்கிற சத்தத்துக்குப் பயந்துதான் நான் இந்த ஊரில் ஓட்டல் பக்கம் போவதையே நிறுத்தினேன்.

பில்பாவோவை இந்தச் சமையலறை மேஜையில் உட்கார்ந்தபடியே பாதி சுற்றிவிட்டேன். ஆற்றங்கரையில் தகடு தகடாக மினுக்கும் மியூசியம், அதன் வாசலில் பூச்செடிகளால் ஆன மாடி உயர நாய். உள்ளே போவதா வேண்டாமா என்று முடிவு செய்யவில்லை, நாயைப் பார்த்தால் போதும் போலிருக்கிறது. பழைய ஊரில் நெருக்கிக்கொண்டு ஏழு தெருக்கள். கொஞ்சம் தள்ளி ஆற்றின் வாய்க்கருகே ஒரு பாலம், பாலம் என்றால் நடக்கிற பாலம் இல்லை, உயரத்தில் ஓர் இரும்புச் சட்டம், அதிலிருந்து கம்பிகளில் தொங்குகிற ஒரு பெட்டி, பெட்டிக்குள் கார்களும் ஆட்களும் ஏறிக்கொள்ள அது தண்ணீருக்கு மேலே அப்படியே அந்தக் கரைக்கு நகர்ந்து போகிறது. அதில் ஏறவேண்டும். கம்பி எப்படிக் கோத்திருக்கிறது என்று பார்க்கவேண்டும், வேலை புத்தி. தூறல் இருக்கும், குடை எடு என்றாள் டெல்ஃபின். அந்தத் தூறலுக்கு அங்கே சிரிமிரி என்று பெயராம். சிரிமிரி, சிரிமிரி. சொல்லிப் பார்த்தால் வாயில் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்தச் சமையலறையில் என் குரலே எனக்குப் புதிதாகக் கேட்கிறது, இன்றைக்கும் விடுப்பு, காலையிலிருந்து நான் பேசிய முதல் வார்த்தை இதுதான். தூறலில் நனைந்த படிக்கட்டு. வழுக்குகிற படிக்கட்டு. போன வாரமும் இங்கேதான் வந்து மாட்டிக்கொண்டேன். ஓட்டல் குளியலறையில் கால் வழுக்கி விழுந்தால் யாருக்குத் தெரியும்? அறையைக் காலி செய்யவில்லையே என்று ஓட்டல்காரன் கதவைத் தட்டுவான். அது அங்கே. இங்கே? ஞாயிற்றுக்கிழமை நான் திரும்பி வரவில்லை என்பது இந்தக் கட்டடத்தில் யாருக்குத் தெரியும்? புதன்கிழமைவாக்கில் ஆபீசில் டெல்ஃபின் கேட்பாள், அதற்கு முன்னால் ஒரு ஜீவனும் கேட்காது. போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது என்றால் அதற்குப் பயணம் என்று ஏன் பெயர்? எனக்குப் பயமாக இருக்கிறது. வழுக்குவதற்கு இல்லை. யாருக்கும் தெரியாமல் கிளம்புவதற்கு. இந்த ஒன்றுதான் மூன்று வாரமாக என் விரலை இந்தப் பொத்தானுக்கு மேலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. உங்கள் நேரம் முடிந்துவிட்டது, மறுபடியும் தொடங்கவும் என்கிறது பக்கம். தொடங்கினால், இரண்டு பேர்.

போன் அடித்தது. தம்பி குற்றாலிங்கம், கோவில்பட்டியில் பெயின்ட் கடை, வியாழக்கிழமையானால் கடை அடைத்ததும் கூப்பிடுவான், கூப்பிட்டு மழை உண்டா என்று கேட்பான். மழையைத் தவிர எங்களுக்குள் பேச அதிகமில்லை. இன்றைக்குப் பேச்சு வேண்டுமே என்று பில்பாவோவைச் சொல்லித் தொலைத்தேன். "அங்க நம்மாளு யாரு இருக்காக, அக்கா?" என்றான். யாரும் இல்லை. "பெறகு யார் வீட்ல தங்குவ?" ஓட்டலில். "சோலியா?" இல்லடா, சும்மா பார்க்க. "யாருமே இல்லாத ஊருக்கு எதுக்குக்கா போற?" கிண்டலாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஒன்று விட்டிருப்பேன். உண்மையாகவே கேட்டான். எங்கள் வீட்டில் யாரும் ஓர் ஊருக்குப் போனதே கிடையாது, வீட்டுக்குத்தான் போயிருக்கிறோம். மதுரை என்றால் பெரியம்மா, மெட்ராஸ் என்றால் சித்தப்பா, திருச்செந்தூரில்கூட முருகனுக்கு முன்னால் ஓர் அத்தை வீடு. நான் கல்யாணம் செய்துகொண்டு பிரான்சுக்கு வந்தபோதும் புருஷன் வீட்டுக்கு வந்ததாகத்தான் கணக்கு. அந்தக் கல்யாணம் முடிந்துபோனது வேறு கதை, இந்தச் சாயங்காலத்துக்கு அது தேவையில்லை. "நாளைக்கா? வெள்ளிக்கிழமைல்லா? எந்தத் திசை?" மேற்கு. "வெள்ளிக்கிழமை மேற்க சூலம்லாக்கா. பஸ்ஸு எத்தன மணிக்கு?" பதினொன்று. "வெளங்கும். ராகு காலம்." சூரியனே எட்டு மணிக்குத்தான் எழுந்திருக்கிற ஊரில் ராகு மட்டும் கோவில்பட்டி நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்திருப்பாரா என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. "சூலத்துக்கு வெல்லத்த வாயில போட்டுக்க. ராகு காலத்துக்கு, அதுக்கு முந்தி நல்ல நேரத்துல பரஸ்தானமாவது வையி. அப்பா வைக்காம என்னிக்குப் போனாக?" வைக்கிறேன் வைக்கிறேன் என்று போனை வைத்தேன்.

அப்பா வைக்காமல் போனதே இல்லை, அது நிஜம். பம்புசெட் கம்பெனிக்கு ஊர் ஊராக அலைகிற வேலை அவருக்கு. கம்பெனி சொல்கிற நாளில் கிளம்பவேண்டும், கம்பெனிக்கு ராகுவும் தெரியாது சூலமும் தெரியாது. அதனால் முதல் நாளே நல்ல நேரம் பார்த்துப் பையை மட்டும் எதிர்வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார், அதுதான் பரஸ்தானம். பை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பியாகிவிட்டது, மறுநாள் ராகு காலத்தில் போகிறவர் நடுவழியில் இருக்கிறவர், அவரை ராகு என்ன செய்வார்? கடவுளையே ஏமாற்றுகிற மாதிரி ஒரு கெட்டிக்காரத்தனம். எதிர்வீடு ஜெய்லானி மாமா வீடு. அவருக்கு ராகுவும் இல்லை கேதுவும் இல்லை, ஆனாலும் அப்பா தோல்பையோடு தெருவைக் கடந்தால் "என்ன பிள்ளைவாள், பை கிளம்பியாச்சா?" என்று எழுந்து வாங்கிக்கொள்வார், மாமி தையல் மெஷின் மேலிருக்கும் துணிகளை நகர்த்தி இடம் கொடுப்பாள். வைத்த பையை மறுபடி நம் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, கொண்டுவந்தால் பயணம் கெட்டது. ஒருமுறை சவரக் கத்தி பைக்குள் போய்விட்டது என்று அப்பா விடியற்காலையில் ஜெய்லானி மாமா வீட்டு வாசலில் உட்கார்ந்து முகம் மழித்துக்கொண்டிருந்தார், முகத்தில் சோப்பு, பக்கத்தில் மாமா கண்ணாடி பிடித்துக்கொண்டு நிற்கிறார். அன்றைக்குத் தெரு முழுக்கச் சிரிப்பு. நான் அப்போது சின்னப் பெண், அப்பா எந்த ஊருக்குப் போனாலும் ரயில் ஜெய்லானி மாமா வீட்டிலிருந்துதான் புறப்படும் என்று நினைத்திருந்தேன். அவர் திரும்பி வருகிற நாள் எங்களுக்கு முன்னால் மாமாவுக்குத்தான் ஞாபகம் இருக்கும், "இன்னிக்கு வரணுமே பிள்ள" என்று சாயங்காலம் வாசலில் நிற்பார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இழுத்துப் பார்த்து அறுகிறதா என்று சொல்கிற உத்தியோகம் என்னுடையது, ராகு எந்தச் சோதனையிலும் தேறமாட்டார். ஆனால் மேஜையிலிருந்து எழுந்து பையில் துணி வைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு சட்டை, கம்பளிச் சட்டை, குடை, பல் பிரஷ். டிக்கெட்டே எடுக்கவில்லை, பை தயார்.

தயாரான பையை எங்கே வைப்பது? டெல்ஃபின் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், அவள் புருஷன் காரணம் கேட்பான், ராகுவைப் பிரெஞ்சில் சொல்லி முடிப்பதற்குள் விடிந்துவிடும். ஸ்டேஷன் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிற யாழ்ப்பாணத்து அண்ணன் மறுபேச்சு பேசாமல் வாங்கி அரிசி மூட்டை மேல் வைப்பார், ஆனால் அது கடை, வீடு இல்லை. பரஸ்தானத்துக்கு ஒரு வீடு வேண்டும். இவ்வளவு பெரிய ஊரில், விமானம் கட்டுகிற ஊரில், எனக்கு இன்னொரு வீடு இல்லை. இதை இப்போதுதான் கண்டுபிடித்த மாதிரி பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கதவுக்குப் பக்கத்து ஆணியில் இரண்டாவது சாவி தொங்குகிறது. வீட்டுக்காரர் ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்துவிட்டு, ஒன்றை நம்பிக்கையானவர்களிடம் கொடுத்து வையுங்கள், இந்தக் கதவு சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் என்றார். கொடுத்து வைக்க ஆள் இல்லாமல் அது ஆணியிலேயே தொங்குகிறது, நான் வெளியே மாட்டிக்கொண்டால் அது உள்ளே பத்திரமாக இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் இருமல். பக்கத்து வீட்டு முசியே புஜோல். தபால்பெட்டியில் பெயர் பார்த்திருக்கிறேன், லிஃப்டில் வணக்கம் சொல்லியிருக்கிறேன், மற்றபடி எனக்கு அவர் ஒரு சத்தம். மத்தியானம் ரேடியோ, சாயங்காலம் இருமல், காலையில் தவறாமல் கதவுப் பக்கம் தொம் என்று ஒரு முட்டல், அதோடு ஒரு வசவு. வயதானவர், தனியாள், தினமும் எதில்தான் போய் முட்டிக்கொள்வாரோ. அந்த முட்டல் கேட்டால் எனக்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று அர்த்தம். அவரிடமா? என்ன நினைப்பார்? பைக்குள் என்ன இருக்கிறது என்று பயந்து போலீசைக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார். வேண்டாம். நாளை காலை வெல்லத்துக்குப் பதில் சீனிக்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு போவோம். அல்லது போகவேண்டாம், திங்கட்கிழமை ஓய்வெடுத்தேன் என்று சொல்வோம். இப்படி நினைத்துக்கொண்டே என் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பையோடு வெளியே வந்துவிட்டேன், கதவு பின்னால் சாத்திக்கொண்டது, கை அவர் வீட்டு மணியை அமுக்கிவிட்டது.

திறக்க நேரம் ஆனது. நான் நினைத்ததைவிடச் சிறிய மனிதர், கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிச் சட்டை, முகம் வெளுத்திருக்கிறது. பக்கத்து வீடு என்று தொடங்கினேன். "தெரியும்" என்றார், "ஞாயிற்றுக்கிழமை காலையில ஏதோ அரைப்பீங்களே." எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. மிக்ஸி. தேங்காய்ச் சட்னி. தொந்தரவா என்றேன், மன்னிக்கவேண்டும் என்றேன். "இல்ல இல்ல. போன ஞாயிறு அரைக்கல. உடம்பு சரியில்லையோன்னு பார்த்தேன். சாயங்காலம் தண்ணி ஓடுற சத்தம் கேட்டுது, சரின்னு விட்டுட்டேன்." போன ஞாயிற்றுக்கிழமை தேங்காய் இல்லை, அவ்வளவுதான். அதை ஒருவர் கேட்டிருக்கிறார், கேட்டுவிட்டுச் சாயங்காலம்வரை காத்திருந்திருக்கிறார். எனக்குக் கோவமாக வந்தது, இத்தனை நாள் சொல்லியிருக்கலாமே மனுஷா என்று. அதை மறைக்க வேகவேகமாகப் பையைப் பற்றிச் சொன்னேன். எங்கள் ஊரில் ஒரு பழக்கம். கெட்ட நேரத்தில் கிளம்பவேண்டியிருந்தால், நல்ல நேரத்தில் பையை முதலில் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். பை கிளம்பிவிட்டால் நாங்களும் கிளம்பிவிட்டதாக அர்த்தம். அப்படிப் போனவர்கள் நல்லபடியாகத் திரும்பி வருவார்கள். என் பிரெஞ்சில் இது இன்னும் பைத்தியக்காரத்தனமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "எந்த ஊருக்கு?" என்றார். பில்பாவோ. "எப்ப திரும்புவீங்க?" ஞாயிற்றுக்கிழமை. "அப்ப இந்த ஞாயிறும் அரைக்கிற சத்தம் கேக்காது." ஆமாம். "சொன்னது நல்லதாச்சு" என்று கதவை அகலமாகத் திறந்தார்.

கதவை ஒட்டி உள்ளே இன்னொரு பை இருந்தது. நீலத் துணிப்பை, ஜிப் இழுத்து மூடியது, மேலே மடித்த துண்டு. தினமும் காலையில் அவர் முட்டிக்கொள்வது எதில் என்று தெரிந்துவிட்டது. "ஆஸ்பத்திரிக்கு" என்றார். "இதயத்துல ஒரு வால்வு. இடம் காலியானா கூப்பிடுவோம், அன்னிக்கே வரணும், தயாரா இருங்கன்னாங்க. தயாரா இருக்கேன்." எத்தனை நாளாக என்று நான் கேட்கவில்லை, அந்த முட்டல் எனக்கு ஆபீஸ் மணியாகி வெகு நாளாகிறது. யாரும் வருவார்களா என்றும் கேட்கவில்லை, என்னிடம் யாராவது அப்படிக் கேட்டால் எனக்குப் பிடிக்காது. என் பையை வாங்கி நாற்காலி மேல் வைத்தார், கீழே வைக்கவில்லை. வைத்துவிட்டு அங்கேயே நின்றார். "உங்க பழக்கம் மத்தவங்களுக்கும் செல்லுமா? நான் கத்தோலிக்கன், அதுவும் பேருக்குத்தான்." எங்கள் அப்பாவின் பை இருந்தது ஒரு முஸ்லிம் வீட்டில் என்றேன், பைக்கு அதெல்லாம் தெரியாது. அவர் யோசித்தார். பிறகு காலால் அந்த நீலப் பையை மெதுவாக என் பக்கம் தள்ளினார். "அப்ப இதையும் கெளப்பிடலாமே. இதப் பார்த்துக்கிட்டே சாப்பிட வேண்டியிருக்கு. இதப் பார்த்துக்கிட்டே தூங்க வேண்டியிருக்கு." ஆஸ்பத்திரி எந்தத் திசை என்று என் வாய் கேட்டுவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், மேற்கே. அப்படியென்றால் வெள்ளி, ஞாயிறு மேற்கே போக ஆகாது, அன்றைக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொல்லிவிடுங்கள் என்றேன். அப்போதுதான் சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது, கதவைப் பிடித்துக்கொண்டார். சிரித்து முடித்ததும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. அவர்தான் கேட்டார், "நீங்க அங்க இருக்கும்போது கூப்பிட்டாங்கன்னா?" பை என் வீட்டுக்குள். கதவு தானே பூட்டிக்கொள்ளும் கதவு. நான் பில்பாவோவில் நின்றுகொண்டே தின்றுகொண்டிருப்பேன். ஒரு நிமிஷம் என்றேன். நீலப் பையை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தேன், ஆணியிலிருந்து இரண்டாவது சாவியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனேன், அவர் உள்ளங்கையில் வைத்தேன். கை சில்லென்று இருந்தது.

இப்போது மறுபடியும் சமையலறை மேஜை. சமையலறை மாறவில்லை, இருட்டத் தொடங்கியிருக்கிறது. ஆணி வெறும் ஆணியாக இருக்கிறது, அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் பல் பிரஷ் அந்த வீட்டில் இருக்கிறது, பையை இங்கே திரும்பக் கொண்டுவரக் கூடாது, நாளை காலை அப்பா மாதிரி நானும் அங்கே போய் நிற்கவேண்டியதுதான். பக்கம் இரண்டு பேர் என்கிறது. ஒன்று என்று மாற்றினேன், இந்தமுறை அது என்னோடு மல்லுக்கு நிற்கவில்லை. பொத்தானை அமுக்கினேன். அறை ஆயிற்று, பஸ் ஆயிற்று. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் திரும்பும்போது அந்த நீலப் பை இங்கே இல்லாமல் இருக்கலாம். அவர் வந்து எடுத்துப் போயிருக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் இருமலும் இல்லாமல் இருக்கலாம். நல்லபடியாகத் திரும்பி வருவார்கள் என்று அவரிடம் அவ்வளவு தைரியமாகச் சொல்லிவிட்டேனே, எந்த மெஷினில் போட்டு இழுத்துப் பார்த்துச் சொன்னேன்? அப்பாவே ஒரு தடவை, கடைசித் தடவை, பை தயாராக இருந்தும் எங்கும் போகவில்லை. அதை நினைக்கக் கூடாது. சிரிமிரி. தொங்குகிற பெட்டி அந்தக் கரைக்குப் போகும், திரும்ப இந்தக் கரைக்கும் வரும், அதற்காகத்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள். லைட் போட எழுந்தேன். கதவுப் பக்கத்தில்தான் ஸ்விட்ச், அங்கேதான் அவர் பையை இறக்கி வைத்திருந்தேன், இருட்டில் மறந்துபோய்க் கட்டைவிரல் தொம் என்று மோதியது. "சனியனே" என்று கத்திவிட்டேன். அந்தப் பக்கம் இருமல் சட்டென்று நின்றது. பிறகு சுவரில், மெதுவாக, இரண்டு தட்டு. நான் ஒற்றைக் காலில் நின்றபடி விரலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நானும் இரண்டு தட்டுத் தட்டினேன்.